நாலு நாடா கட்டிய ஜாடி

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. ஐந்து பேரைப் பெற்று வளர்த்தேன். நாத்தனார் போன பிறகு அவளுடைய பெண்ணையும் சேர்த்து ஆறு. ஆறு பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள், ஒருத்தர் வாசலில் போய்க் கை நீட்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பள்ளிக்கூடம் நான் போனது இரண்டு வருஷம். எழுத்து கோணலாக வரும், ஒரு பக்கம் முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும். ஆறட்டும். எழுதுவதற்கு எனக்கு அவசரம் இல்லை. ஆனால் எழுதப்போவது நான் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைந்த ஒரு குளிர்காலத்தைப் பற்றி.

நாங்கள் இருப்பது பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில். அங்கே நாங்கள் நாலு பேர் சிநேகிதம். நான் ஒருத்தி. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒருத்தி. என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள், நீ வா போ என்றுதான் பேசுவாள். அவள் புருஷன் சாராயம் குடித்தே செத்தான். ஒரே மகன். மிஷினை மிதித்தே அவனை டிப்ளமா வரைக்கும் படிக்கவைத்தாள். எதிர்வீட்டில் கன்னடத்துக்காரி. அவள் புருஷனுக்கு பீன்யாவில் ஃபேக்டரி வேலை. விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். நாலாவது, பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவள். எங்களில் மூத்தவள், வாய் நீளம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், ஒரு தடவை மணியடித்தால் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் என்னைத் தேடி ஓடிவருகிறது, இதற்கு மேல் ஒரு புருஷன் எதற்கு என்பாள்.

எங்களுக்குள் வருஷத்துக்கு நாலு சாப்பாடு. ஆளுக்கு ஒரு பருவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் நாலு பேருக்கு மட்டும். புருஷன் பிள்ளைகளுக்கு முன்னாலேயே போட்டு அனுப்பிவிட வேண்டும். சாப்பிட வருகிறவள் கையை வீசிக்கொண்டுதான் வரவேண்டும், ஒரு சீப்பு வாழைப்பழம்கூடக் கொண்டுவரக் கூடாது. அப்படிக் கொண்டுவந்தால், இவள் சமையல் போதாது என்று நினைத்தாளா என்று பேச்சு வரும். கொண்டுவர உரிமை எனக்கு மட்டும். நான் கொண்டுபோவது ஒயின்.

கடையில் விற்கிற சரக்கு இல்லை. என் அம்மா கன்டோன்மென்ட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமைத்தாள். அங்கே அவள் பார்த்துக் கற்றது. அவளைப் பார்த்து நான் கற்றது. மழை விட்டதும் ரஸ்ஸல் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை வந்து இறங்கும், கறுப்பாய், மேலே மாவு பூத்தது போல. கழுவி, துணியில் பரப்பி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் கிராம்பும் பட்டையும் ஈஸ்ட்டும் போட்டு ஜாடியில் வைப்பேன். மூன்று வாரம் தினமும் மரக்கரண்டியால் கிளறுவேன். காதை வைத்துக் கேட்டால் உள்ளே கிசுகிசு என்று பேசும். அந்தப் பேச்சு அடங்கியதும் வடிகட்டி, சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்கு ஊற்றி, வேறு ஜாடிக்கு மாற்றி வாயைத் துணியால் மூடுவேன்.

அந்த நாள் மற்ற மூன்று பேரும் வரவேண்டும். துணியைச் சுற்றி ஆளுக்கு ஒரு நாடா கட்டுவோம். தையல்காரி தன் துணிப் பெட்டியிலிருந்து நாலு நிறத்தில் நாடா வெட்டிக்கொண்டு வருவாள். எனக்கு வெள்ளை, அவளுக்கு நீலம், கன்னடத்துக்காரிக்கு மஞ்சள், மணிக்காரிக்குச் சிவப்பு. கட்டினவள்தான் அவிழ்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், நாலு பேரும் ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் நாடாவை அவிழ்ப்போம். இதை யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. என் வீட்டுக்காரர் களவாகக் கரண்டி விட்டதனால் வந்த ஏற்பாடு என்று மணிக்காரி சொல்வாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றின மஞ்சள் சாதமும் உருண்டைக் கறிக் குழம்பும். மாட்டுக்கறி என்பதால் கன்னடத்துக்காரிக்குத் தனியாகக் கோழி. மீதி ஒயினை பாட்டிலில் அடைத்துவிட்டால் வருஷம் பூரா அதுதான். தை மாதம் கன்னடத்துக்காரி வீட்டில் பிதுக்குப் பருப்பு. ஊறவைத்த அவரைக்கொட்டையை நாலு பேரும் உட்கார்ந்து பிதுக்கினால், பருப்பு தெறித்து எதிரில் இருக்கிறவள் மூக்கில் போய் அடிக்கும். அந்தக் குழம்பும் ராகிக் களியும். அப்போது ஒயின் இன்னும் பிஞ்சு, நாக்கைக் கிள்ளும். ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறினால் தையல்காரி வீட்டில் மாங்காய் போட்ட மீன் குழம்பு, சாப்பிட்டு முடித்தபின் ரசப்பூரி மாம்பழம். அதற்குள் ஒயின் பழுத்திருக்கும். தொண்டையில் இறங்குவதே தெரியாது. மழைக்காலத்தில் மணிக்காரி வீட்டில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. வெளியே கொட்டும், உள்ளே கடைசி பாட்டில், பாகு மாதிரி கெட்டியாக.

சின்ன கிளாஸ்தான். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கன்னடத்துக்காரி அதைக் கஷாயம் என்பாள். வீட்டில் கேட்டால் எதிர்வீட்டு அக்கா கொடுத்த கஷாயம் என்றே சொல்லிவிட்டாள். தையல்காரி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் வைத்துக் குடிப்பாள். வாரம் முழுக்க மிஷின் மிதித்த கால் அப்போதுதான் ஆடாமல் இருக்கும்.

அப்படியே பல வருஷம் போயிற்று. ஊர் மாறிக்கொண்டிருந்தது. ஓசூர் ரோடு பக்கம் கம்பெனிகள் வந்தன. தையல்காரி மகனுக்கு அங்கே ஒரு வேலை, பிறகு அதைவிட நல்ல வேலை. பொம்மனஹள்ளியில் மாடிவீடு பிடித்தான். நாங்கள் ஜாடிக்கு நாடா கட்டின அதே வாரம், டெம்போ கொண்டுவந்து அம்மாவையும் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது அவள், கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் அக்கா, இதோ இருக்கிறது பொம்மனஹள்ளி என்றாள். நானும் அதையே நம்பினேன்.

அதன் பிறகு சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வருகிற மிஷின் சத்தம் நின்று போனதும் எனக்குக் காது அடைத்தது போல் இருந்தது. இங்கே இருப்பேன், அங்கே போவேன். அரிசி களைந்து வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். ஏரிக்கரை வரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். பஸ் ஸ்டாப்பில் நின்று இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். யாராவது தெரிந்தவர்கள் கேட்டால் கறிவேப்பிலை வாங்க வந்தேன் என்பேன். வீட்டில் கறிவேப்பிலை மலையாய்ச் சேர்ந்தது.

மணிக்காரி ஒரு நாள் பார்த்துவிட்டாள். அவ்வளவு தவிப்பு இருந்தால் நேரே போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்றாள். நான் கூப்பிடாத வீட்டுக்குப் போகிறவள் இல்லை. புதுவீட்டுக்கு வா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. இன்றைக்கும் சொல்கிறேன், நான் காத்திருந்தது தப்பில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. சாதம் வடித்தேன், குழம்பு கொதித்தது. மூன்று பேர் ஜாடியைச் சுற்றி உட்கார்ந்தோம். வெள்ளை நாடா அவிழ்ந்தது, மஞ்சள் அவிழ்ந்தது, சிவப்பு அவிழ்ந்தது. நீலம் மட்டும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. தையல்காரி போட்ட முடிச்சு; நகம் நுழையாது. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். குழம்பின் மேல் ஆடை கட்டியது.

“கத்தரிக்கோல் எடு” என்றாள் மணிக்காரி. “இன்னா, கோயில் கதவா அது? வெட்டினா திறந்துக்கும்.”

“கட்டினவ அவிழ்க்கட்டும்” என்றேன்.

“அவ வரலன்னா?”

“அப்ப அது அப்படியே இருக்கட்டும்.”

“பாத்துக்கோ, பேய் பிடிச்ச மாதிரி பேசுறா. துணி மூடின ஜாடி எத்தனை நாளைக்குத் தாங்கும், காடியாப் போயிடும்டி.”

அவள் சொன்னது சரிதான். காற்றுப் புகுகிற ஜாடியில் ஒயின் நின்றால் புளித்துக் காடியாகும், வினிகர் என்கிறார்களே அது. என் கையில் ஒரு வருஷமும் அப்படி ஆனதில்லை. சர்ச்சில் பெரிய வீட்டுக்காரர்கள்கூட என் ஒயினைச் சொல்லி வைத்து வாங்கிப் போவார்கள். அப்படியிருந்தும் நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. அன்று தண்ணீர் குடித்துச் சாப்பிட்டோம்.

தை பிறந்தது. கன்னடத்துக்காரி வீட்டில் பிதுக்குப் பருப்பு. மூன்று பேர் கைக்கு அந்தக் கொட்டை பிதுக்கி முடியவே இல்லை. நான் கையை வீசிக்கொண்டு போனேன்; பாட்டில் இல்லாமல் அந்த வாசற்படி ஏறினது எனக்கு அதுதான் முதல் தடவை. கன்னடத்துக்காரி களியை உருட்டிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தையல்காரிக்கு போன் பண்ணியிருக்கிறாள்.

“அக்கா, கோபம் பேடா, வேணாம். அவ பையன் சத்தியம் வாங்கிட்டானாம்.”

“என்ன சத்தியம்?”

“அவன் தலையில கை வெச்சு. குடிக்கிற இடத்துல உட்கார மாட்டேன்னு.”

மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். புதுவீட்டுக்குப் போனதும் மகன் சொன்னானாம்: இனிமேல் அந்தப் பழக்கம் இந்த வீட்டில் வேண்டாம், அப்பா போன வழி போதும். ஒரே பிள்ளை. அவன் தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தையை எந்தத் தாய் மீறுவாள்? வெட்கத்தில் எனக்கு நேரில் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் கன்னடத்துக்காரியிடம் போனில்கூட என்னைப் பற்றி விசாரிக்கவில்லை.

அவள் வராததைவிட குடி என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சுட்டது. என் ஒயினும் அந்தச் சாராயமும் ஒன்றா? என் அம்மா கையில் வந்தது. சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடப்பதற்கா நாங்கள் சின்ன கிளாஸில் குடித்தோம்? சாப்பிட்ட கையோடு வீட்டுக்கு வந்தேன், பாத்திரங்களை எடுத்த இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்தேன், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். என் வீட்டுக்காரர், உன் காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்றார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் முடிவு செய்தேன். அவள் நாடா என் வீட்டில் கிடக்கக் கூடாது. கொண்டுபோய் முன்னால் வைப்பேன், அவிழ் என்பேன், அவிழ்த்ததும் எழுந்து வந்துவிடுவேன். சிநேகிதத்தை முடிப்பதென்றால் முறையாக முடிக்க வேண்டும். விருந்துக்குத்தானே கூப்பிட வேண்டும், இதற்கு எதற்கு அழைப்பு?

ஜாடி மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பீங்கான். இரண்டு கையாலும் அணைத்தால்தான் தூக்க முடியும். ஒரு தட்டைக் கவிழ்த்து, மேலே ஈரத் துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மார்க்கெட்டில் இறங்கி வேறு பஸ். கண்டக்டர் அதற்குள் என்ன என்று கன்னடத்தில் கேட்டான். ஊறுகாய் என்றேன். பூசை முடிந்து வந்த வாயால் சொன்ன பொய். ஓசூர் ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஜாடி துள்ளும், நான் அதோடு துள்ளுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கைக்குழந்தையைப் பிடித்த மாதிரி நானும் பிடித்துக்கொண்டு போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கினேன். இறங்கும்போது ஒன்றும் நினைவில் இல்லை.

கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். இரண்டாவது மாடி, இரும்புக் கிராதி போட்ட கதவு. திறந்தது தையல்காரிதான். என்னைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், கிராதியைப் பிடித்தபடியே நின்றாள். மெலிந்திருந்தாள். மிஷின் ஒரு மூலையில் இருந்தது. அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து டெலிபோனை வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மகனும் வீட்டில்தான் இருந்தான். உள்ளே வாங்க பெரியம்மா என்று நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. ஜாடியைத் தரையில் வைத்து, துண்டை எடுத்து, நீல நாடாவைக் காட்டினேன்.

“உன் முடிச்சு. அவுத்துக் குடு, நான் போறேன்.”

அவள் மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன்.

“பெரியம்மா, உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல” என்றான். “நீங்க குடிக்கிறது ஒரு மடக்கு, எனக்குத் தெரியும். ஆனா அம்மா வாயில அந்த வாசனை வந்தா, எங்கப்பா வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்குது. நான் இன்னா பண்ணட்டும்?”

அவன் அப்பா வருகிற நேரம் பார்த்து இந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொள்வான். அது எனக்குத் தெரியாததா?

தையல்காரி கீழே உட்கார்ந்தாள். முடிச்சில் நகத்தை விட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. எழுந்து போய் மிஷின் டிராயரிலிருந்து ஊசி ஒன்றை எடுத்துவந்து, முடிச்சின் கண்ணில் விட்டு நெம்பினாள். அவிழ்ந்தது. நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே துணியைத் தூக்கினாள்.

வாசனை குப்பென்று வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சுருங்கிவிட்டது. காடி. சுத்தமான காடி. முப்பது நாற்பது வருஷம் போட்ட கை. அந்தப் பிள்ளை முன்னால், அதுவும் அந்த நாளில், என் ஜாடி காடியாய் நின்றது. துண்டை எடுத்து அதன் வாயைப் பொத்தப் போனேன்.

தையல்காரி குனிந்து இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“அக்கா, உன் ஒயின் செத்துப்போச்சு.”

“சிரிக்காதடி” என்றேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

மகன் ஒன்றும் புரியாமல் கிட்டே வந்தான். ஜாடிக்கு மேல் குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக விட்டான், மறுபடி இழுத்தான். இது ஊறுகாய் வாசனை மாதிரி இருக்குதே என்றான். காடிடா, இதில் போதை கிடையாது, கறிக்குத்தான் ஊற்றலாம் என்றாள் அவன் அம்மா. அப்படியா என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்று அந்த அவமானத்தை என் வாயாலேயே சொன்னேன்.

அவன் காலையில் பன்றிக்கறி வாங்கிவந்து வைத்திருந்தான். தையல்காரி காய்ந்த மிளகாயையும் பூண்டையும் சீரகத்தையும் அந்தக் காடியிலேயே ஊறவைத்து அரைத்தாள். நான் வெங்காயம் உரித்தேன். கிளம்பிவிடுவேன் என்றுதான் வந்தேன், உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறி கொதிக்கிறபோது வந்த வாசனைக்கு அந்தப் பிள்ளை அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிப்பும் காரமும் மூக்கில் ஏறியது, சோறு போதவில்லை. எங்கள் சாப்பாட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குழம்பை வழித்து வழித்துப் போட்டுக்கொண்டான்.

மீதிக் காடி இருந்த ஜாடியோடு நான் கிளம்பும்போது தையல்காரி படி வரைக்கும் வந்தாள். மாங்காய் வந்ததும் மூன்று பேரும் இங்கே வரவேண்டும், அது என் பருவம், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றாள். போனோம். அந்த வெயிலில் மூன்று பேரும் இரண்டு பஸ் மாறிப் போனோம். மணிக்காரி வழி முழுக்க ஓசூர் ரோட்டைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் கொண்டுபோன பாட்டிலில் காடி இருந்தது. மாங்காயோடு அதுவும் ஒரு கரண்டி விழுந்தது. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மழைக்காலச் சாப்பாட்டுக்கும் பாட்டில் காடிதான் என்றதும் மணிக்காரி முனகினாள். கன்னடத்துக்காரி, கஷாயம் இல்லாமல் முழங்கால் வலிக்கிறது என்றாள்.

அடுத்து திராட்சை வந்தது. தையல்காரி போனில் சொன்னாள்: நீ ஒயினைப் போடு அக்கா, நான் வந்து நாடா கட்டிவிட்டுப் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் மூன்று பேரும் குடியுங்கள், நான் இல்லாவிட்டால் என்ன. என்னவோ மாவு சலிக்கிற மாதிரி லேசாகச் சொன்னாள்.

போட்டேன். முன்னைவிட நன்றாக வந்தது. வடிகட்டும் நாளில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன்; என் அம்மா கைக்கே அப்படி வந்ததில்லை. மகன் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து விட்டான், நாலு பேரும் நாடா கட்டினோம். கட்டி முடித்து எல்லோரும் காபி குடித்துப் போனார்கள். அன்றிலிருந்து மறுபடி எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜாடி இருக்கிற அறைக்குப் போவேன், வருவேன். அந்த ஒயினைக் குடித்தால் மூன்று பேர். குடிக்காவிட்டால் நாலு. இவ்வளவுதான் கணக்கு, ஆனால் அது என்னைத் தூங்கவிடவில்லை, உட்காரவிடவில்லை. அப்படி ஒரு ஒயின்.

ஒரு நாள் காலையில், வீட்டில் எல்லோரும் வெளியே போன பிறகு, பழைய காடி பாட்டிலை எடுத்தேன். நாடாவை நான் தொடவில்லை. நாலும் கட்டினபடி இருந்தது. மேலே இருந்த துணியின் வழியாகவே, கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் காடியை உள்ளே ஊற்றினேன். துணி உறிஞ்சி உறிஞ்சி இறக்கியது. பாலைத் தயிராக்கப் பிரை குத்துகிற மாதிரிதான். ஜாடியை அடுப்புப் பக்கத்தில் சூட்டில் நகர்த்தி வைத்துவிட்டு, வெளியே போய் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

கிறிஸ்துமஸ் மதியம் மகன் அவளை என் வாசல் வரைக்கும் கொண்டுவந்தான். நாடா அவிழ்கிற வரைக்கும் நான் இருக்கிறேன் அக்கா, ஊற்றும்போது எழுந்துவிடுவேன் என்று அவள் முதலிலேயே சொன்னாள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம். துணியைத் தூக்கினேன். மணிக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“போச்சு. உனக்குக் கை போச்சுடி. வயசாயிடுச்சு, ஒத்துக்கோ.”

“ஆமா” என்றேன். “போச்சு.”

சந்துக்கே கேட்கும்படி அவள் அதை இன்னும் இரண்டு தடவை சொன்னாள். கன்னடத்துக்காரி பாவப்பட்டு என் கையைப் பிடித்தாள். தையல்காரி எழுந்திருக்கவில்லை. மஞ்சள் சாதத்தைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, எங்களோடு கடைசி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் தேய்த்துக் கொடுத்தேன், அவள் துடைத்தாள்.

“அக்கா, ஒரு வருஷம் தப்பும். ரெண்டாவது வருஷமுமா?”

“தப்பும்” என்றேன்.

அவள் ஒரே தட்டை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் என் ஜாடி தப்பியது. சர்ச்சில் சொல்லி வைத்து வாங்கினவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பாவம், நல்ல கை, இப்படிக் கெட்டுவிட்டதே என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு அது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு எழுத்து போதாது. நாலு பருவமும் நாலு பேரும் உட்கார்ந்தோம், மணிக்காரி படுக்கையில் விழுகிற வரைக்கும். அவள் போய்விட்டாள். கன்னடத்துக்காரி மகளோடு மைசூர் போய்விட்டாள். தையல்காரி மட்டும் மாங்காய்க்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வருகிறாள். மகன் காரில் கொண்டுவந்து விடுகிறான். இப்போது அவனும் எங்களோடு உட்கார்கிறான்.

போன கிறிஸ்துமஸுக்கு என் பேரன் கடையில் வாங்கின பாட்டிலோடு வந்து, பாட்டி போட்டால் காடிதான், இதைக் குடிங்க என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான். மருமகள்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எனக்குள் ஏதோ எழுந்து நடக்க ஆரம்பித்தது, இன்னும் உட்காரவில்லை. அதனால்தான் இந்த நோட்டு வாங்கினேன். நான் போனபிறகு, கை கெட்டுப்போன கிழவி என்று யாரும் சொல்லக் கூடாது. என் கை ஒரு நாளும் கெடவில்லை. தையல்காரி இருக்கும் வரைக்கும் இது வெளியே போகவேண்டாம். வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பேத்தி இப்போதுதான் காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள். இவளுக்கு வாய் அடக்கம் உண்டு. வாம்மா, கதவைச் சாத்திவிட்டு இப்படி உட்கார். என் எழுத்து கோணல்தான், திணறாமல் முதலிலிருந்து மெதுவாகப் படி. என்ன எழுதியிருக்கிறேன் என்று நானும் ஒரு தடவை கேட்கிறேன்.